தூரம் போய்க் கேட்ட ஒப்பாரி

செய்யாற்றுப் பக்கம் எங்கள் ஊரில் சாவு விழுந்தால் மேளத்துக்குச் சொல்லி அனுப்பும்போதே என் அத்தைக்கும் சொல்லி அனுப்பிவிடுவார்கள். கூந்தலை அவிழ்த்துவிட்டுக்கொண்டு அத்தை வாசல் படியேறி வருவாள். உட்கார்ந்திருக்கும் பெண்களின் தோளைக் கட்டிக்கொண்டு முதல் அடியை எடுப்பாள். அதுவரை வெறுமனே அழுதுகொண்டிருந்த பந்தல் அந்த அடியைப் பிடித்துக்கொள்ளும். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் கேட்ட குரல் அது. நான் தமிழில் இளங்கலை, முதுகலை, எம்.ஃபில். என்று ஆறு வருடம் படித்தவள். அந்த ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட, அத்தை பாடுவதும் நான் படிப்பதும் ஒரே இனத்துப் பொருள் என்று எனக்குத் தோன்றியதில்லை.

தோன்றியது ஜெர்மனியில், ஒரு பிப்ரவரி மாதத்தில். கேட்டவர் தமிழில் ஒரு சொல்கூட அறியாதவர்.

வெளிநாட்டில் படிப்பது ஒரு ஆய்வாளரை என்ன செய்கிறது என்று மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். உதவித்தொகை, விசா, மொழித்தேர்வு பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல விரும்புவது வேறு. என் அனுபவத்தை மட்டும் சொன்னால் போதாது என்பதால், எனக்கு முன்னால் இதே பாதையில் போய்வந்த சிலரையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் அந்த பிப்ரவரி. அங்கே ஆய்வு நெறியாளரை 'டோக்டர்ஃபாட்டர்' என்பார்கள்; பெண்ணானால் 'டோக்டர்முட்டர்'. முனைவர் பட்டத்துக்குத் தாய், தந்தை என்று அர்த்தம். என் டோக்டர்முட்டர் பால்கன் நாடுகளின் வாய்மொழிக் காவியங்களை ஆராய்ந்தவர். நான் எம்.ஃபிலில் புறநானூற்று அடைமொழிகளைச் சீட்டுச் சீட்டாக எழுதித் தொகுத்திருந்தேன். அதைத்தான் வாரக் கருத்தரங்கில் பேச எடுத்துக்கொண்டேன். மூன்று அடிகளைப் பலகையில் எழுதினேன்.

கைவள் ஈகைக் கடுமான் பேக
கடாஅ யானைக் கலிமான் பேக
கடுமான் கோதை துப்பெதிர்ந் தெழுந்த

முதலாவது 143ஆம் பாட்டு, கபிலருடையது. இரண்டாவது 145, பரணர். மூன்றாவது 54ஆம் பாட்டில் சேரனைப் பற்றி வருவது. பாடியவர் மதுரைக் குமரனார். 'மான்' இங்கே குதிரை. விரையும் குதிரை கடுமான், செருக்கிய குதிரை கலிமான். அலகிட்டுக் காட்டினேன்: கடுமான் புளிமா, கலிமான் புளிமா, பேக தேமா, கோதை தேமா. மூன்று வேறு புலவர்கள். ஆனால் ஒரே அச்சு. முன்னால் குதிரை, பின்னால் அரசன் பெயர். குதிரையை மாற்றினாலும் ஓசை நிற்கிறது, அரசனை மாற்றினாலும் ஓசை நிற்கிறது.

அம்மையார் எழுந்து வந்து பலகையில் அந்த இரண்டு சீர்களையும் சுற்றி ஒரு வட்டம் போட்டார். பிறகு கேட்டார்: "உங்கள் ஊரில் இப்போது யாராவது இப்படிப் பாடுகிறார்களா? பெயரை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே வைத்து?"

இல்லை என்றேன். சங்க இலக்கியம் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தையது, அந்த மரபு அறுந்துபோயிற்று என்று விளக்கமும் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டார். விடுதிக்கு நடந்து வரும்போது வழியெல்லாம் பனி. டிராம் தண்டவாளத்தைத் தாண்டுகிற இடத்தில் அத்தையின் குரல் காதில் விழுந்தது போலிருந்தது. 'என்னப் பெத்த அம்மா.' அடுத்த சாவில் 'என்னப் பெத்த அப்பா.' அம்மா தேமா, அப்பா தேமா. நின்றுவிட்டேன். நான் அன்று சொன்னது பொய். அறிந்து சொன்னதில்லை என்றாலும் பொய்தான்.

அன்று இரவு 143ஆம் பாட்டை மறுபடி எடுத்துப் படித்தேன். அதன் கடைசி அடியை நூறு தடவையாவது படித்திருப்பேன். பேகன் கைவிட்ட மனைவி அழுகிறாள்: 'குழலினைவதுபோல் அழுதனள் பெரிதே'. புல்லாங்குழல் ஏங்குவது போல ஒருத்தி அழுத அழுகை அந்தப் பாட்டிலேயே இருக்கிறது. நான் அதற்கு ஒன்பது அடி முன்னால் இருந்த குதிரையை மட்டும் சீட்டில் எழுதிக்கொண்டு போயிருக்கிறேன்.

இந்த இடத்தில் இலங்கைத் தமிழறிஞர் கைலாசபதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சங்கப் பாடல்களில் இப்படித் திரும்பத் திரும்ப வரும் தொடர்களை வாய்மொழிப் பாடகரின் கருவிகளாகப் பார்த்துப் பெரிய அளவில் ஆராய்ந்தவர் அவர். கோலாலம்பூரில் பிறந்து, இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்து, கொழும்பில் 'தினகரன்' நாளிதழின் ஆசிரியராக இருந்துவிட்டு, 1960களின் நடுவில் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்துக்கு முனைவர் பட்டத்துக்குப் போனார். தமிழ் ஆய்வுக்கு லண்டனில் தமிழறிந்த பேராசிரியர்கள் இருந்த காலம் அது. கைலாசபதி போய்ச் சேர்ந்தது ஜார்ஜ் தாம்சனிடம். தாம்சன் கிரேக்கப் பேராசிரியர். தமிழ் அவர் துறையே இல்லை. இந்தத் தேர்வை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும். தமிழ் தெரிந்தவர்களிடம் தமிழ் படித்து முடித்தாயிற்று. இனி வேண்டியது தமிழின் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொன்று. அந்த இன்னொன்றை முழுதாக அறிந்தவரிடம் போனார்.

தாம்சனின் கதையும் இதே கதைதான், திசைதான் வேறு. லண்டனில் பிறந்து கேம்பிரிட்ஜில் கிரேக்கம் படித்தவர். 1923இல், இருபது வயதில், அயர்லாந்தின் மேற்குக் கோடியில் இருக்கும் பிளாஸ்கெட் தீவுக்குப் போனார். மீன்பிடித்தும் ஆடு மேய்த்தும் வாழ்ந்த நூற்றுச் சொச்சம் பேர். பேச்சு ஐரிஷ் மொழி. தாம்சன் அந்த மொழியைக் கற்றுக்கொண்டு திரும்பத் திரும்ப அங்கே போனார். பிறகு கால்வே பல்கலைக்கழகத்தில் ஐரிஷ் மொழியிலேயே கிரேக்கம் கற்பித்தார். ஏட்டில் படித்த பழங்கிரேக்கக் காவியக் கவி ஹோமர் அவருக்கு உயிரோடு புரிந்தது அந்தத் தீவில்தான். எழுத்துப் பயிற்சி இல்லாத மனிதர்களின் அன்றாடப் பேச்சிலும் பாட்டிலும் கவிதை தானாக வருவதைக் கண்ணால் பார்த்தவர் அவர். தீவில் இருந்த தன் நண்பர் ஒருவரைத் தன் வாழ்க்கையை எழுதச் சொல்லித் தூண்டி, அந்த நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பதிலும் பங்கெடுத்தார். 1953இல் அயர்லாந்து அரசு அந்தத் தீவின் கடைசிக் குடிகளையும் கரைக்குக் கொண்டுவந்துவிட்டது. இன்று அங்கே பெரும்பாலும் பாழடைந்த கல் வீடுகள்தான்.

இன்னொரு கண்ணியும் உண்டு. ஹோமரின் அடைமொழிகள் பாடகனின் கருவிகள் என்று நிறுவிய மில்மன் பாரி, கலிஃபோர்னியாக்காரர். முனைவர் பட்டத்துக்குப் பாரிஸ் போனார். 1928இல் பிரெஞ்சில் ஆய்வேட்டைக் கொடுத்தார். அதுவரை அவர் கையில் இருந்தது ஏட்டுப் பிரதி மட்டுமே. பாரிஸில்தான், தென்ஸ்லாவ் நாடுகளில் இன்னும் இப்படிப் பாடுகிறார்கள் என்ற செய்தி அவரை எட்டியது. 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவியக் கிராமங்களில் அலுமினியத் தட்டுகளில் பாடல்களைப் பதிவு செய்தார். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் பன்னிரண்டாயிரம் அடிகளுக்கு மேல் நீளும் ஒரே பாட்டைச் சொல்லி எழுதவைத்தார். ஹோமரின் ஒடிசி காவியத்தின் நீளம் ஏறக்குறைய அதுதான். ஊர் திரும்பிய சில மாதங்களில், 33 வயதில், பாரி இறந்துபோனார். அவருடைய மாணவர் ஆல்பர்ட் லார்ட் அந்த வேலையைத் தொடர்ந்து 1960இல் நூலாக்கினார்.

சில வருடங்களில் அந்தச் சிந்தனை பர்மிங்காமில் ஒரு யாழ்ப்பாணத் தமிழர் மேசைக்கு வந்து சேர்ந்தது. கைலாசபதியின் ஆய்வேடு 1966இல் முடிந்து, 1968இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஆங்கில நூலாக வந்தது. தமிழ் வீரயுகப் பாடல்களைக் கிரேக்க, ஐரிஷ் பாடல்களின் பக்கத்தில் நிறுத்திய நூல். அவர் சொன்ன முடிவோடு எல்லோரும் உடன்படவில்லை. எனக்கும் முழு உடன்பாடு இல்லை. ஹோமர் ஆயிரக்கணக்கான அடிகள். ஐங்குறுநூறோ மூன்றிலிருந்து ஆறடி. காவியம் பாடுபவன் நின்று யோசிக்க நேரமில்லாமல் அச்சுத் தொடர்களைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறான். நாலடிப் பாட்டுக்காரனுக்கு அந்த அவசரம் ஏது? சங்கப் பாடல்கள் வாய்மொழி மரபின் சாயலில் எழுத்தறிந்தவர்கள் இயற்றியவை என்று பின்னால் அமெரிக்கத் தமிழறிஞர் ஜார்ஜ் ஹார்ட் போன்றவர்கள் வாதிட்டார்கள். அந்த வாதம் எனக்கு வலுவாகவே படுகிறது. சரி, விடை ஆட்டம் கண்டது என்றே வைத்துக்கொள்வோம். 'இதை யார் யாருக்கு முன்னால் எப்படிப் பாடினார்கள்?' என்ற கேள்வியை அத்தனை பெரிதாக நம் முன் வைத்தது அந்த நூல். அவர் பேராதனையிலேயே இருந்திருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்குமா என்று தெரியாது. ஒரு கிரேக்கப் பேராசிரியருக்கு முதலிலிருந்து விளக்க வேண்டிய கட்டாயம் அதில் ஒரு பங்காவது வகித்திருக்கும் என்று நான் நம்புகிறேன். தெரிந்தவரிடம் பேசும்போது 'பாணர்' என்று ஒரு சொல்லில் கடந்துவிடுவோம். தெரியாதவர் 'பாணர் என்றால் யார்? சாப்பாட்டுக்கு என்ன செய்தார்? எழுதுவாரா?' என்று கேட்பார். அப்போதுதான் நமக்கே தெரியாது என்பது தெரியும்.

இலங்கையின் இன்னொரு தமிழறிஞர் கா. சிவத்தம்பியும் அதே தாம்சனிடம் போனார். 1970இல் முடிந்த அவருடைய ஆய்வு பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றியது. தாம்சனோ பழங்கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் நாடகங்களின் வேர் சடங்குகளில் இருக்கிறது என்று எழுதியவர். ஒரே ஆசிரியர், ஒருவர் பாட்டை எடுத்துக்கொண்டார், மற்றவர் கூத்தை. சிவத்தம்பி அதற்கு முன்பே மேடையில் நடித்தவர். அதாவது பர்மிங்காம் அவருக்கு நாடகத்தைத் தரவில்லை. அது அவர் உடம்பிலேயே இருந்தது. அது ஆராயத் தக்க பொருள் என்பதற்கான துணிவையும் கருவியையும்தான் அங்கே பெற்றார்.

இவர்கள் இருவரோடு இது தொடங்கவில்லை. இவர்களுக்கு முன்னால் க. கணபதிப்பிள்ளை 1930களில் லண்டனில், ஏழு எட்டாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளின் மொழியை ஆராய்ந்து பட்டம் பெற்றார். திரும்பி வந்து அவர் எழுதிய நாடகங்கள் யாழ்ப்பாணக் கிராமத்துப் பேச்சுமொழியில் இருந்தன. மேடையில் செந்தமிழே பேச வேண்டும் என்றிருந்த காலத்தில் அப்படி எழுத ஒரு மொழியியலாளரின் காது வேண்டும். கல்வெட்டு வெட்டியவனும் தன் பேச்சைத்தான் வெட்டினான் என்று படித்தவருக்கு அந்தக் காது வந்திருக்கும். அடுத்து சு. வித்தியானந்தன். 1950இல் லண்டனில் பத்துப்பாட்டுக்குப் பட்டம். பேராதனைக்குத் திரும்பிய அவர் 1960களில் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து மேடையேற்றினார்: 'கர்ணன் போர்', 'இராவணேசன்'. வட்டக்களரி என்ற வட்டமான ஆடுகளத்தில் விடிய விடிய ஆடியதைச் சில மணி நேரத்துக்குச் சுருக்கி, பட்டணத்தைப் பார்க்க வைத்தார்.

நால்வரையும் வரிசையாக வைத்துப் பார்க்கிறேன். லண்டன், லண்டன், பர்மிங்காம், பர்மிங்காம். கொண்டுவந்தது? பேச்சுமொழி, கூத்து, வாய்மொழிப் பாட்டு, சடங்கு. வெளிநாடு போனால் மண்ணை மறந்துவிடுவார்கள் என்று சொல்பவர்களுக்கு இந்த வரிசையைக் காட்டத் தோன்றும். மறந்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் ஊருக்குள்ளேயே இருந்து மறந்தவர்களும் உண்டு; நான் ஆறு வருடம் அப்படித்தான் இருந்தேன்.

தனிநாயகம் அடிகளின் பாதை இன்னும் வேறு மாதிரி. ஊர்காவற்றுறைக்காரர். ரோமில் இறையியல் படித்து, லத்தீன், இத்தாலியன் எல்லாம் கற்றுக் குருவானவர். திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தபோதுதான் தமிழை முறையாகக் கற்கத் தொடங்கினார். 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தபோது முப்பது வயதைத் தாண்டிவிட்டார். இலங்கையரான அவருக்குக் கடல் கடந்த படிப்புதான் சிதம்பரமும். வெளிநாட்டுப் படிப்பு என்றாலே மேற்கு என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். அந்தப் பயணங்களின் விளைவுதான் 1952இல் அவர் தொடங்கிய ஆங்கில ஆய்விதழும், 1966இல் கோலாலம்பூரில் கூடிய முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடும். பல நாட்டுத் தமிழறிஞர்களை ஒரே அறையில் உட்கார வைக்க, பல நாட்டு மேசைகளில் சாப்பிட்ட ஒருவரால்தான் முடிந்தது.

இழப்பையும் சொல்ல வேண்டும். கைலாசபதியின் அந்த ஆங்கில நூல் தமிழில் வரப் பல பத்தாண்டுகள் ஆயின. தமிழ்ப் பாட்டைப் பற்றித் தமிழர் எழுதிய நூல், ஆங்கிலம் படிக்காத தமிழாசிரியர்களுக்கு அத்தனை காலம் எட்டவில்லை. அவர் சும்மா இருக்கவில்லை. 1969இலேயே 'ஒப்பியல் இலக்கியம்' என்ற நூலைத் தமிழில் தந்தார். 1974இல் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகத்துக்கு முதல் தலைவரானார். 1982இல், ஐம்பது வயதைத் தொடாமலே போய்விட்டார். வேலையும் வயதும் இப்படி இருக்க, தன் ஆய்வேட்டைத் தானே தமிழில் திருப்பி எழுத அவருக்கு எங்கே நேரம்? வெளிநாட்டுப் பட்டத்தின் விலை இதுதான் என்று நினைக்கிறேன். பட்டம் கேட்பது அவர்கள் மொழியில், அவர்கள் வாதங்களோடு உரையாடுகிற ஏடு. அதை முடித்த கையோடு இன்னொரு முறை, நம் மொழியில், நம்மவர்களோடு உரையாடுகிற ஏட்டை எழுத வேண்டும். அதற்கு யாரும் உதவித்தொகை தருவதில்லை.

என் கதையில் அந்தத் தமிழ் ஏட்டுக்கு நாலு வருடம் பிடித்தது. அந்த பிப்ரவரிக்குப் பிறகு ஆய்வுத் தலைப்பை மாற்றினேன். புறநானூறும் ஒப்பாரியும் என்று. களப்பணிக்கு ஊருக்கு வந்தபோது ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து அத்தையின் எதிரில் வைத்தேன். அத்தை அதைத் தள்ளி வைத்தாள். "வூட்ல பாடக் கூடாது கண்ணு. சாவு இல்லாத வூட்ல பாடினா ஆகாது." எத்தனை கெஞ்சியும் முடியாது. கடைசியில் ஏரிக்கரைக்குப் போனோம். பனைமரத்தடியில் உட்கார்ந்து, கிழக்கே வயலைப் பார்த்தபடி, முந்தானையால் வாயை ஒரு தரம் துடைத்துக்கொண்டு பாடினாள். யாருக்காக என்று கேட்டேன். தன் அம்மாவுக்கு என்றாள். அவர் போய் முப்பது வருடம் ஆகியிருந்தது. இரண்டாம் அடியில் குரல் உடைந்தது. நான் கருவியின் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாட்டு எங்கே பாடலாம், எங்கே பாடக் கூடாது என்ற கட்டுப்பாடு எந்தக் கோட்பாட்டு நூலிலும் எனக்குக் கிடைக்காத விஷயம். கருத்தரங்கில் அதைச் சொன்னபோது அம்மையார் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பால்கன் பாடகர்கள் எந்த இரவுகளில் பாடினார்கள் என்று அவர் தன் குறிப்புகளைத் திரும்பப் புரட்டத் தொடங்கினார். வெளிநாடு போனவள் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதில்லை என்று அன்று தெரிந்தது.

ஊர் திரும்பி ஒரு கல்லூரியில் நேர்முகத்துக்குப் போனேன். குழுவில் ஒருவர் ஆய்வேட்டுத் தலைப்பைப் படித்துவிட்டு, "ஒப்பாரியா? இதுக்கா ஜெர்மனி வரைக்கும் போனீங்க?" என்றார். அப்போது சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. வேலையும் கிடைக்கவில்லை, அப்புறம் வேறு இடத்தில் கிடைத்தது. இன்று கேட்டால், ஆமாம் ஐயா, இதற்குத்தான் போனேன் என்பேன்.

இப்போது என்னிடம் படிக்கும் பெண் ஒருத்திக்கு வெளிநாட்டில் இடம் கிடைத்திருக்கிறது. நாமக்கல் பக்கம், அவள் அப்பா உடுக்கை அடித்து அண்ணன்மார் கதை பாடுபவர். அதைச் சொல்லவே கூச்சப்பட்டாள். கிளம்புவதற்கு முன் அப்பா பாடுவதை முழுதாக, இரவெல்லாம் ஆனாலும், பதிவு செய்துகொண்டு போ என்று சொல்லியிருக்கிறேன். அங்கே யாராவது 'உங்கள் ஊரில் இப்படிப் பாடுகிறார்களா?' என்று கேட்கும் நாள் வரும். அன்று அவள் என்னைப் போல 'இல்லை' என்று சொல்லக் கூடாது.

சென்ற பொங்கலுக்கு என் நூல் தமிழில் வந்தது. அத்தைக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்பதால் நானே திண்ணையில் உட்கார்ந்து அவள் பாட்டு இருக்கும் பக்கங்களை வாசித்துக் காட்டினேன். பாடக் கூடாதே தவிர, வாசிக்கலாமாம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒரு பக்கத்தில் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"நடுவுல ஒரு அடி வுட்டுட்டியே கண்ணு."

"என்ன அடி அத்தை?"

வாயைத் திறந்தவள் சட்டென்று மூடிக்கொண்டாள். வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு முழங்காலில் கையை ஊன்றி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். நான் கருவியை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் ஏரிக்கரைக்கு நடந்தேன்.